இரண்டு புள்ளியில் தவறிய 4: மீள்பரிசீலனை கேட்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயது. இந்த ஆகஸ்ட்டில் வந்த ஜி.சி.எஸ்.ஈ. (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை, 9 முதல் 1 வரை கிறேட், 9தான் உச்சம்) பெறுபேற்றில் கணிதத்துக்கு 7, விஞ்ஞானத்துக்கு 6. ஆனால் ஆங்கில மொழிக்கு 3. இன்னும் இரண்டு புள்ளி இருந்திருந்தால் 4 என்று பாடசாலையில் சொன்னார்கள். ஆங்கில இலக்கியத்துக்கும் 3தான், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பாடசாலை வைத்த மொக் (மாதிரி) பரீட்சையில் மொழிக்கு 5 எடுத்த பிள்ளை. சிக்ஸ்த் ஃபோமில் (16 வயதுக்குப் பிந்திய உயர்தர வகுப்பு) இடம் தருவதற்கு ஆங்கில மொழியில் 4 வேண்டும் என்கிறார்கள். கணவர் இரண்டு தாளையும் திரும்பத் திருத்த வேண்டும், பெயரைப் பார்த்துத்தான் குறைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பரீட்சைச் சபைக்கு நேரே கடிதமும் அனுப்பிவிட்டார். பாடசாலையோ ‘கேட்டுப் பெரிய பலன் இருக்காது’ என்கிறது. கேட்டால் இருக்கிற புள்ளியும் குறையும் என்று சொந்தக்காரர் பயமுறுத்துகிறார்கள். மகன் ‘விடுங்கோ அம்மா’ என்று அறைக்குள் போய்விட்டான். நாங்கள் என்ன செய்வது? (ஹரோவிலிருந்து ஒரு தாய்)

பதில்:

சகோதரி, உங்கள் கணவரின் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் வந்தாலும், ‘உங்கள் பாடசாலை மூலம் வாருங்கள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. பாடசாலையில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு மீள்பரிசீலனையைப் பாடசாலைதான் கேட்க முடியும். பெற்றோர் நேரே கேட்க முடியாது, பிள்ளையும் முடியாது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதியவர்கள் மட்டுமே சபையிடம் தாங்களாகவே விண்ணப்பிக்கலாம். அதனால் நீங்கள் பேச வேண்டிய ஆள் பாடசாலையில் பரீட்சை அலுவல்களைப் பார்க்கும் எக்ஸாம்ஸ் ஒஃபிசர். தலைமை ஆசிரியருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதி, அது நாலு பேரின் கையைத் தாண்டி அவரிடம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். சபைகள் வைத்திருக்கும் கடைசித் திகதி வழக்கமாக செப்டம்பர் இறுதி வாரத்தில் வரும். பாடசாலைகள் தங்கள் வசதிக்கு அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே ஒரு திகதி வைத்துவிடும். உங்களுக்கு முக்கியம் அந்த முந்தைய திகதி.

நான் இங்கே இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அதில் சில கோடைகாலங்கள் ஒரு சபைக்காக விடைத்தாள் திருத்தியும் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மீள்பரிசீலனை என்றால் தாளைப் புதிதாக ஒருவர் முதலிலிருந்து திருத்துவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. முதல் பரீட்சகர் போட்ட புள்ளியும் குறிப்பும் இரண்டாமவரின் திரையில் தெரியும். அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘நான் என்றால் எவ்வளவு போடுவேன்’ என்பது அல்ல. ‘இங்கே பிழை ஏதும் நடந்திருக்கிறதா’ என்பதுதான். இங்கிலாந்தில் பரீட்சைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவல் 2016இல் இதைக் கண்டிப்பான விதியாக்கியது. புள்ளித் திட்டத்தைப் பின்பற்றாதது, பக்கம் ஒன்றைத் திருத்தாமல் விட்டது, கூட்டலில் பிழை விட்டது, நியாயமான எந்தப் பரீட்சகரும் போட்டிருக்க முடியாத புள்ளியைப் போட்டது ஆகியவை பிழைகள். இரண்டு நல்ல பரீட்சகர்கள் ஒரே கட்டுரைக்கு 11 என்றும் 13 என்றும் போட்டால் அது பிழை அல்ல, அபிப்பிராய பேதம். முதலில் போடப்பட்ட 11 அப்படியே நிற்கும்.

உங்களுக்குத் தேவைப்படுவதும் அதே இரண்டு புள்ளிதான் என்பது கசப்பாக இருக்கும், எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் இந்த அபிப்பிராய பேதம் எவ்வளவு பெரியது என்பதை மறைக்க வேண்டியதில்லை, ஒஃப்குவலே அளந்து வெளியிட்டிருக்கிறது. மூத்த பரீட்சகர் ஒருவர் திருத்தியிருந்தால் என்ன கிறேட் வந்திருக்குமோ, அதே கிறேட் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று 2018இல் வந்த அதன் ஆய்வு பார்த்தது. கணிதத்தில் அது சுமார் 96 வீதம். ஆங்கில மொழியில் சுமார் 61 வீதம். பரீட்சகர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணிதத்தில் விடை சரியா பிழையா என்று பார்க்கலாம். ஒரு பிள்ளை எழுதிய வர்ணனை ‘தெளிவானதா’, ‘ஈர்ப்பானதா’ என்று தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும், மனிதருக்கு மனிதர் அது கொஞ்சம் மாறும். எல்லையை ஒட்டி நிற்கும் பிள்ளைகளை அந்தக் கொஞ்சம் தூக்கிவிடவும் செய்யும், விழுத்தவும் செய்யும். உங்கள் மகன் எல்லையில் நின்றவன். இது நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த நியாயத்தைக் கேட்கும் இடம் மீள்பரிசீலனை அல்ல. அங்கே பிழை இருந்தால்தான் வேலை.

சரி, பிழை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடைத்தாளைப் பார்த்துத்தான். பணம் கட்டுவதற்கு முன்னால், கணவரும் பாடசாலையும் இன்னொரு முறை முட்டிக்கொள்வதற்கு முன்னால், மகனின் இரண்டு தாள்களின் பிரதியையும் எடுத்துத் தரும்படி எக்ஸாம்ஸ் ஒஃபிசரிடம் கேளுங்கள். சபைகள் இப்போது பெரும்பாலும் இதை இணையத்தில் பாடசாலைக்குத் தந்துவிடுகின்றன. கூடவே ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்த புள்ளியையும் கேளுங்கள். அதைக் காட்டும் வசதி பாடசாலையின் கணினியிலேயே இருக்கும்.

எந்தச் சபையின் பரீட்சை என்று நீங்கள் எழுதவில்லை. நிறையப் பாடசாலைகள் எடுப்பது ஏ.கியூ.ஏ. என்பதால் அந்த அமைப்பை வைத்தே எதைத் தேடுவது என்று சொல்கிறேன். மற்றச் சபைகளிலும் கேள்விகள்தான் வேறு, தேடும் முறை ஒன்றுதான். அங்கே இரண்டு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 80 புள்ளி, மொத்தம் 160. ஒவ்வொரு தாளிலும் பாதி, அதாவது 40 புள்ளி, வாசிப்புக் கேள்விகளுக்கு. மற்றப் பாதி ஐந்தாவது கேள்வியான எழுத்துக்கு. அந்த எழுத்துக் கேள்வியின் 40 இரண்டாகப் பிரியும். என்ன சொன்னான், எப்படி ஒழுங்கு பண்ணினான் என்பதற்கு 24. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, வாக்கிய அமைப்பு ஆகியவற்றுக்கு 16.

தாளைப் புரட்டும்போது பெற்றோர் நேராக ஓடுவது அந்த ஐந்தாவது கேள்விக்குத்தான். ‘இவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறான், பதினொன்றுதானா?’ என்று ஆரம்பிப்பார்கள். வெல்ல மிகக் கஷ்டமான இடம் அதுதான். நான் என்றால் முதலில் சின்னக் கேள்விகளைப் பார்ப்பேன். பந்தியைப் பார்த்து நான்கு விஷயங்களைச் சரியாகக் கண்டுபிடிக்கச் சொல்லும் 4 புள்ளிக் கேள்வியில் நான்கும் சரியாக இருந்து 3 கிடைத்திருந்தால், அதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. அது பிழை. அப்புறம் பக்கங்களை எண்ணுங்கள். இடம் போதாமல் மேலதிகத் தாளில் தொடர்ந்து எழுதியிருந்தால், அந்தத் தாளும் பிரதியில் இருக்கிறதா? அதில் பரீட்சகரின் குறி ஏதும் விழுந்திருக்கிறதா? மூன்றாம் கேள்வியின் விடையைப் பிள்ளை நான்காம் கேள்வியின் இடத்தில் எழுதி, அம்புக்குறி போட்டு விட்டிருக்கிறானா? விடைத்தாள் ஸ்கேன் செய்யப்பட்டு, கேள்வி கேள்வியாக வெவ்வேறு பரீட்சகர்களின் திரைக்குப் போகக்கூடிய ஏற்பாடு இது. இப்படித் திசைமாறி எழுதியவை சில வேளை யார் கண்ணிலும் படாமல் போகும். ஒருமுறை எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் ஒன்றரைப் பக்கம் அப்படிப் போயிருந்தது. தாளைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது, அதன்பிறகு வாதாடவே தேவைப்படவில்லை.

இப்படி ஒன்றும் இல்லையென்றால், ஆங்கில ஆசிரியரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். புள்ளித் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பார்க்கட்டும். ரியூஷன் ஆசிரியரிடமும் காட்டலாம், தடையில்லை. ஆனால் நீங்கள் பணம் கட்டும் ஒருவருக்கு உங்கள் பிள்ளையின் கட்டுரை கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசிரியரிடம் ‘இதற்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்’ என்று மட்டும் கேட்டால் பத்தாது. ‘இந்தப் புள்ளியை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடிய இடம் ஏதும் உண்டா’ என்று கேளுங்கள். உண்டு என்றால், அது எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாளுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். மீள்பரிசீலனை தாள் தாளாகத்தான் கேட்கப்படுகிறது, கட்டணமும் தாளுக்குத்தான். சபைக்குச் சபை வித்தியாசப்படும், ஒரு தாளுக்குச் சுமார் 40 பவுண்ஸோ அதற்கு மேலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறேட் மாறினால் அந்தக் கட்டணம் திரும்பி வரும். தேவைப்படுவது இரண்டு புள்ளி, அது ஒரு தாளிலேயே கிடைக்கலாம். இரண்டு தாளையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவது தேவையில்லாத செலவு.

புள்ளி குறையும் என்று சொந்தக்காரர் சொன்னது பொய்யல்ல. கூடலாம், குறையலாம், அப்படியே இருக்கலாம். அதனால்தான் பெறுபேறு வந்த பிறகு பிள்ளையின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பாடசாலை விண்ணப்பிக்கக் கூடாது. உங்கள் சம்மதம் அல்ல, அவனுடைய சம்மதம். ஆனால் இந்தப் பயம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. 6இன் அடிக்கோட்டில் ஒரு புள்ளி மேலே நின்றுகொண்டு 7 கேட்கிற பிள்ளை கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும், அவன் 5க்குச் சறுக்கலாம். உங்கள் மகன் 3 என்ற பட்டையின் உச்சியில் நிற்கிறான். 2க்கு இறங்க வேண்டுமானால் நிறையப் புள்ளி போக வேண்டும். அவன் விஷயத்தில் குறைவதற்குப் பயந்து கேட்காமல் விடத் தேவையில்லை.

பாடசாலை சொன்னதும் ஆதாரம் இல்லாத பேச்சல்ல. ஒவ்வொரு வருடமும் கேட்கப்படும் கிறேட்டுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாறாமல் திரும்பி வருகின்றன. ஆனால் ‘பலன் இருக்காது’ என்று தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா, பார்க்காமலே சொன்னார்களா? அதைக் கேளுங்கள். தாளைப் பார்த்தபின் நீங்கள் கேட்க விரும்பி, பாடசாலை மறுத்தால், அந்த மறுப்பை எதிர்த்து முறையிடப் பாடசாலைக்குள்ளேயே எழுத்தில் ஒரு நடைமுறை இருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிரதியைக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலான பாடசாலைகள் அந்த அளவுக்கு விடாது. ‘கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம்’ என்று பெற்றோர் சொன்னதும் படிவம் வந்துவிடும்.

பெயரைப் பார்த்துக் குறைத்தார்கள் என்ற விஷயம். உங்கள் கணவருக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் நம் பெயரைச் சொல்லி வேலைக்கு விண்ணப்பம் போட்ட யாருக்கும் புரியும். ஆனால் நான் திருத்திய வருடங்களில் என் திரைக்கு வந்தது கையெழுத்து மட்டும்தான், பெயரோ பாடசாலையோ வரவில்லை. நான் ஒழுங்காகத் திருத்துகிறேனா என்று பார்க்க, புள்ளி ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட விடைகளை இடையிடையே எனக்குத் தெரியாமல் அனுப்புவார்கள். அவற்றில் அடிக்கடி பிசகினால் திருத்துவதை நிறுத்திவிடுவார்கள். இந்தக் குற்றச்சாட்டை விண்ணப்பத்தில் எழுதினால் அதைப் படிப்பவர் தாளுக்குள் தேட ஒன்றும் இருக்காது. தாளும் கேள்வி இலக்கமும் குறிப்பிட்டு எழுதினால் தேடுவார்.

எல்லைப் புள்ளியைப் பற்றியும் சிலர் சண்டைக்குப் போவார்கள். போன வருடம் இதே புள்ளிக்கு 4 கிடைத்ததே என்று. எல்லை ஒவ்வொரு வருடமும் தாளின் கடினத்தைப் பார்த்து, திருத்தி முடிந்த பிறகு வைக்கப்படுகிறது. மீள்பரிசீலனையில் அதைத் தொட முடியாது. 2012இல் ஜனவரியில் எழுதியவர்களுக்கும் ஜூனில் எழுதியவர்களுக்கும் ஆங்கிலத்தின் எல்லை வேறு வேறாக வந்து பெரிய கொந்தளிப்பானது. பாடசாலைகளும் உள்ளூராட்சிச் சபைகளும் சேர்ந்து உயர் நீதிமன்றம்வரை போயின. 2013 பெப்ரவரியில் தோற்றுத்தான் திரும்பின. ஒரு குடும்பமாக நீங்கள் அந்தப் பாதையில் போக வேண்டாம். மொக்கில் 5 எடுத்தான் என்பதும் அப்படித்தான். வீட்டில் அதைச் சொல்லலாம், சபையிடம் அதற்கு மதிப்பில்லை. பரீட்சையன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சிலர் சொல்வதும் இப்போது சொல்லிப் பயனில்லாத காரணம். அதற்கான விசேட கவனிப்பைப் பாடசாலை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மீள்பரிசீலனையின் முடிவு வர 20 நாள்வரை எடுக்கலாம். முடிவிலும் திருப்தி இல்லையென்றால் பாடசாலை மூலம் மேன்முறையீடு உண்டு. அது இன்னும் நீளும், ஒரு மீள்பரிசீலனையின் முடிவைப் பார்க்காமல் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இதற்கிடையில் சிக்ஸ்த் ஃபோம். இதில்தான் நிறையப் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். மீள்பரிசீலனை முடியட்டும், பிறகு பேசுவோம் என்று இருந்துவிட்டால் இடம் போய்விடும். இன்றே அழைத்து, 4க்கு இரண்டு புள்ளிதான் குறைவு, மீள்பரிசீலனை கேட்கப் போகிறோம், நவம்பரில் திரும்பவும் எழுதுவான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கணிதத்தில் 7 எடுத்த பிள்ளையை எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் சுதந்திரம் சிக்ஸ்த் ஃபோமுக்கு உண்டு. சில இடங்களில் இரங்குவார்கள், சில இடங்களில் மாட்டார்கள். மாட்டோம் என்றால் அன்றே பக்கத்துக் கல்லூரி இரண்டை அழையுங்கள்.

நவம்பர் என்று சொன்னேன். அந்தப் பருவத்தில் ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கில மொழியும் கணிதமும் மட்டும் வைக்கிறார்கள். பெயர் கொடுக்கும் திகதி ஒக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும், பெறுபேறு ஜனவரியில் வரும். எப்படியும் ஆங்கிலத்தில் 3 எடுத்து முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை 4 வரும்வரை அதைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் 16 வயதுக்குப் பிந்திய கல்விக்கு அரசு பணம் தருவதன் நிபந்தனை. அதனால் நவம்பருக்கு ஆயத்தப்படுத்துவது வீண் வேலை இல்லை. மீள்பரிசீலனையில் 4 வந்தால் பெயரை எடுத்துவிடலாம். வராவிட்டால் கையில் ஒரு திகதி இருக்கிறது. நவம்பரில் குறைவாக எடுத்தாலும் இப்போதுள்ள 3 அழியாது. பிரதி எடுத்த விடைத்தாள் இங்கேயும் உதவும். எந்தக் கேள்வியில் நேரம் போனது, எதை எழுதாமல் விட்டான் என்பது அதிலேயே இருக்கிறது. இரண்டு புள்ளி குறைந்த பிள்ளைகளில் பலர் கட்டுரையில் கெட்டிக்காரர்கள்தான், கடைசி வாசிப்புக் கேள்வியை அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

மகன் ‘விடுங்கோ’ என்றது சலிப்பா, வெட்கமா, அல்லது தான் என்ன எழுதினான் என்று தெரிந்ததாலா? எனக்குச் சொல்ல முடியாது, உங்களுக்கும் இப்போதைக்குத் தெரியாது. சில பிள்ளைகளுக்கு அந்தத் தாளை அப்பா பார்ப்பதே பெரிய பயம். நேரம் முடிந்து பாதி வாக்கியத்தில் நின்றதையும், கோபத்தில் வெட்டிக் கிறுக்கியதையும் யாரும் பார்க்க வேண்டாம் என்று இருக்கும். தாள் வந்ததும் முதலில் அவனும் ஆங்கில ஆசிரியரும் மட்டும் பார்க்கட்டும். சம்மதக் கையெழுத்து போடுவது அவன்தான். பிழை இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தால் போடுவான். ‘இல்லையம்மா, இது சரியான புள்ளிதான்’ என்று வந்து சொன்னால், அந்த 40 பவுண்ஸை நவம்பர் ஆயத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவரிடம் வேறொரு வேலையைக் கொடுங்கள். எக்ஸாம்ஸ் ஒஃபிசருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் எழுதட்டும். மகனின் பெயர், பரீட்சார்த்தி இலக்கம், ஆங்கில மொழி இரண்டு தாள்களின் பிரதியும் கேள்வி வாரியான புள்ளியும் வேண்டும், பாடசாலை வைத்திருக்கும் கடைசித் திகதி எது, நவம்பருக்குப் பெயர் கொடுப்பது எப்படி. இவ்வளவும் போதும். சபைக்கு அனுப்பிய கடிதத்தைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.